மீள்பார்வை முடியாத வகுப்பு

ஒன்பதாம் வகுப்பின் கடைசி அறையில் ஆங்கில இலக்கண மீள்பார்வை முடியவே இல்லை என்பதால், அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு வயது ஏறவில்லை. முதல் சில ஆண்டுகள் இதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீருடை சின்னதாகாத பிள்ளை எந்த வீட்டுக்குப் பாரம்?

ஆசிரியரின் பட்டப்பெயர் அஸ்திவாரம். அஸ்திவாரம் பலப்படாமல் பாடத்துக்குள் போகக்கூடாது என்பது அவருடைய வேதம். நவுனில் தொடங்கி, வெர்ப், டென்ஸ் எல்லாம் கடந்து உவமை, உருவகம் எனும் சிமிலி, மெட்டஃபர் வரை வருவார். அதற்குள் ஒருவர் தப்பாகப் பதில் சொன்னாலும் மொத்த வகுப்பும் மறுபடி நவுனுக்குத் திரும்ப வேண்டும். யாரும் தடுமாறாத நாளில் மனிதர் கேள்வியையே திருகிக் கேட்பார். புத்தகத்தின் முதல் பாடம் ஒரு கதை. அதை நடத்த அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவருக்கும் வயது ஏறவில்லை, ஆகவே ஓய்வு பெறும் கவலையும் இல்லை. ஒருமுறை மேலதிகாரி வந்து, நவுன் என்றால் என்ன என்று கேட்டார். கூரை அதிர ஒரே குரலில் பதில் வந்தது. நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். பெற்றோருக்குப் பெருமை பிடிபடவில்லை.

தையற்காரரின் மூத்த மகள் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். வேறு பள்ளியில் படித்த தங்கை அவளைத் தாண்டி வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள். தன் தோளுக்குக் கீழே நிற்பவளை அக்கா என்று கூப்பிடக் கூசியதால், பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். மூத்தவள் அதை விழுங்கிக்கொண்டாள். அப்பாவிடம் மட்டும் ஒருமுறை, "எனக்கு வேற பள்ளிக்கூடம் பாருங்கப்பா" என்றாள்.

"அவசரப்படாத. உனக்கு பேஸிக் நல்லா ஸ்ட்ராங்காகுது" என்றார் அவர், மெஷினிலிருந்து நரைத்த தலையை நிமிர்த்தாமலே.

தாத்தாவாகிவிட்ட அதே தையற்காரரின் சிபாரிசில் ஒரு நாள் தங்கையின் மகளும் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தங்கையும் தடுக்கவில்லை, புத்தி அவ்வளவுதான். "பெரியம்மா, முதல் பாடம் எப்ப படிப்போம்?" என்று கேட்டது அந்தப் பெண். இருவரும் ஒரே உயரம். மூத்தவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். தன் ஆயுசு இங்கே போனது போதாதா? எழுந்து நின்று முதல் பாடத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

"சிமிலி எது, மெட்டஃபர் எதுன்னு சொல்லிட்டுப் படி" என்றார் அஸ்திவாரம்.

அவள் நிறுத்தவில்லை. படகுக்காகக் காத்திருந்த ஒருவனின் கதை அது. இரண்டாவது பத்தியில் அப்பா தைத்த சீருடையின் தையல் விட்டது. அடுத்த பக்கத்தில் காதோரம் நரைத்தது. பாதியில் நிறுத்தியிருந்தால் அதோடு நின்றிருக்கும். அது அவளுக்கும் தெரிந்தது. படகு கரை சேரும் வரை படித்தாள். மற்ற பிள்ளைகள், பரீட்சைக்கு வராத பகுதி என்று குறிப்பெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவள் தங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் டிபன் பாக்ஸோடு நின்ற தங்கை, அந்த நரையையும் கிழிந்த சீருடையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள்.

"வாக்கா, வீட்டுக்குப் போலாம்."

உள்ளே அஸ்திவாரம் கரும்பலகையைத் துடைத்துவிட்டு நவுனில் தொடங்கியிருந்தார். அக்காவுக்கு முட்டி வலித்ததால் மூவரும் மெதுவாக நடந்தார்கள்.