ஒன்பதுக்கு மேல் அனுமதி இல்லை

தென்காசி மாவட்டத்துக்குள் நுழைய ஒன்பது கிரகங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ ஆகிய மூன்றும் எல்லைக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டியவை. தப்பித்தவறி உள்ளே வந்தாலும் இங்கே யாருடைய கல்யாணத்தையும் கூட்டிவைக்கவோ கெடுக்கவோ அவற்றுக்கு அதிகாரம் கிடையாது.

இது குமரகுருவின் தீர்ப்பு. காசி விசுவநாதர் கோயிலுக்கு வடக்கே 'குரு கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்' என்று கடை போட்டிருக்கும் அவன், இதைச் சிரிக்காமல் சொல்வான். கேட்கிறவர் சிரித்தால், சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து சொல்வான்.

நியாயமும் கையில் வைத்திருந்தான். அந்த மூன்றுக்கும் நவக்கிரக சன்னதியில் இடம் கிடையாது. தானியம் எது, துணி என்ன நிறம், வாகனம் எது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. நெப்டியூன் ஒரு ராசிக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பதினாலு வருஷம் ஆகும். அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, மொட்டை போட்டு, காது குத்தி, ஒன்பதாம் வகுப்பில் பெயிலும் ஆகிவிடும். புளூட்டோ இன்னும் மோசம். விஞ்ஞானிகளே அதைக் கிரகப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"வேலையை விட்டுத் தூக்குனவனுக்கு நீ இன்னும் ஜாதகத்துல வீடு ஒதுக்குதியேலே" என்று தாணுவிடம் கேட்பான்.

தாணு அவனோடு கல்லூரியில் இயற்பியல் படித்தவன். வேலை வாங்கித் தராத அந்தப் படிப்பு ஒருவனைத் தென்காசிக்கும் இன்னொருவனைக் குற்றாலத்துக்கும் தள்ளியது. மெயின் அருவிக்குப் போகும் வழியில், சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் மசாஜ் கடைக்கும் நடுவே, 'மேல்நாட்டு முறை ஜாதகம், வெளிக் கிரகங்கள் உட்பட' என்று தாணு போர்டு மாட்டியிருந்தான். சீசனில் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வருகிறவர்களுக்குப் பலன் சொல்வான். மற்ற மாதங்களில் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பான்.

குமரகுரு அவ்வப்போது போய் அவனைக் கிண்டல் செய்துவிட்டு வருவான். "ஒரே வருஷத்துல பொறந்த அத்தனை பேருக்கும் ஒரே நெப்டியூன், ஒரே புளூட்டோ. அதுக்கு எதுக்குலே ஜாதகம்? வாக்காளர் பட்டியலை வாசிச்சா போதாதா?"

தாணு கோபப்பட மாட்டான். டீ சொல்வான். சீசன் இல்லாத மாதங்களில் யாராவது பேச வந்தால் போதும் அவனுக்கு.

குமரகுருவுக்கு அருவருப்பான இன்னொரு கூட்டமும் உண்டு. ஒரு கடையில் பொருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டால், இருக்கிறது என்று சொல்பவன் கிடைக்கும்வரை தீபாவளிப் புடவை எடுக்கிற மாதிரி கடைகடையாக ஏறி இறங்குகிற கூட்டம். அதில் சிலர் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். "பிள்ளையை அரைமணி நேரம் கழிச்சுப் பெத்திருக்கணும் ஆச்சி, இப்ப வந்து சொன்னா எப்படி?" என்று அனுப்பிவிடுவான். மெஷின் பொய் சொல்லாது, குமரகுருவும் சொல்ல மாட்டான் என்று சுரண்டை, புளியங்குடி வரைக்கும் பெயர்.

இவ்வளவு பெயர் எடுத்தவனுக்கு, கடையை மூடியபின் போக இருந்த இடம் கடைக்கு மேலே உள்ள அறைதான். அம்மா இறந்து வருஷங்கள் ஆகின்றன. பேரனைப் பார்க்கச் சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போன அப்பா, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. ராத்திரிச் சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில். போய் உட்கார்ந்ததும் கேட்காமலே ரெண்டு தோசை வரும். அதை மரியாதை என்றுதான் முதலில் நினைத்திருந்தான். போகப் போக, தன்னிடம் கேட்பதற்கு ஊரில் யாருக்கும் எதுவும் இல்லை என்று புரிந்தது.

கல்யாணப் புரோக்கர் இசக்கிமணி ஒரு நாள் கடைக்கு வந்து, செங்கோட்டைப் பெண் ஒருத்தி இருப்பதாகச் சொன்னார். பெயர் ஸ்ரீரஞ்சனி. புளியங்குடியில் ஒரு எலுமிச்சை மண்டியில் கணக்குப் பார்க்கிறாள். போட்டோவைக் காட்டினார். குமரகுரு கஸ்டமர் போட்டோவைப் பார்ப்பது போலப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் இசக்கிமணி தன் தொழில் திறமையைக் காட்ட, அந்தப் பெண் தனக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"மாமா, அவங்க தனியாத்தான் இருக்காவளா? அப்பம் ராத்திரிக்கு என்ன சாப்பிடுதாவ?"

அவ்வளவுதான். பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.

அதைத் தனக்கு அனுப்பிவைக்கும்படி குமரகுரு கேட்டான். எதற்கு என்று இசக்கிமணி கேட்க, குரலை வைத்தும் சில விஷயங்கள் கணிக்கலாம் என்றான். அதற்குப் பிறகு அவன் அதை எத்தனை முறை கேட்டான் என்பது அவனுக்கே தெரியாது. அந்த லாரி எந்த இடத்தில் பிரேக் போடும் என்பது மட்டும் மனப்பாடம்.

அவளுடைய பிறந்த தேதியும் நேரமும் கூடவே வந்திருந்தன. ஊரில் உள்ள அத்தனை பேரின் தேதியையும் வந்த நிமிஷமே கம்ப்யூட்டரில் அடிக்கிறவன், அதை மட்டும் அடிக்காமல் வைத்திருந்தான். பெண் வீட்டார் முதலில் பார்க்கட்டும், அதுதான் முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பெண் வீட்டாரும் முறைப்படி பார்க்கத்தான் செய்தார்கள். பங்குனி வெயிலில் ஒரு நாள் காலை, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்தார். பெயர் பரமசிவன், திருவேங்கடம் பக்கம் மிளகாய் விவசாயம். அக்காள் மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, பொருத்தம் பார்க்க வேண்டும் என்றார். மற்ற ஜோசியனெல்லாம் ஆளின் முகத்தைப் பார்த்துப் பலன் சொல்வதாகவும், இந்தக் கடையில்தான் மெஷினைப் பார்த்துச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு ரெண்டு பஸ் மாறி வந்ததாகவும் சொன்னார். குமரகுரு அந்தப் பாராட்டை வழக்கம்போலத் தலையசைத்து வாங்கிக்கொண்டு, பெண்ணின் பெயரைக் கேட்டான்.

"ஸ்ரீரஞ்சனி. ஊரு செங்கோட்டை."

விரல் கீபோர்டின் மேலேயே நின்றது.

பையனின் குறிப்பை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பெயரும் விலாசமும் இருந்த இடத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருந்தது. எல்லாப் புரோக்கரும் செய்வதுதான். பெயர் தெரிந்தால் ரெண்டு வீட்டாரும் நேரே பேசி முடித்துக்கொள்வார்கள். மீதி இருந்தது பிறந்த தேதி, நேரம், சதய நட்சத்திரம், கும்ப ராசி. குமரகுருவுக்கு அந்தக் கட்டங்களைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. அவை அவனுடையவை.

மாப்பிள்ளைக்குத் தென்காசியில் சொந்தத் தொழில் என்று மட்டும் இசக்கிமணி சொல்லியிருக்கிறார்.

அவர் கூடவே கொடுத்த பெண்ணின் குறிப்பில் சுவாதி நட்சத்திரம். அதைப் பார்த்தபோதே குமரகுருவுக்கு விடை தெரிந்துவிட்டது. சதயமும் சுவாதியும் ஒரே ரஜ்ஜு; ஒரே ரஜ்ஜு என்றால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. ரஜ்ஜு என்பது தாலிக் கயிற்றுக்கான பொருத்தம். அது இல்லையென்றால் மற்றது எத்தனை இருந்தாலும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அவன் பிறந்த அரைமணி நேரத்தில் சதயம் முடிந்து பூரட்டாதி தொடங்குகிறது. பூரட்டாதிக்கும் சுவாதிக்கும் ரஜ்ஜு வேறு வேறு, பொருத்தம் உண்டு. நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றி அடித்தால் போதும். கீபோர்டில் கை தவறுவது உலகத்தில் நடக்காத காரியமா?

பரமசிவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

"பார்த்து அடிங்க தம்பி" என்றார். "அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் கிடையாது. நான் சொல்லுததுதான்னு இருக்கா. நான் நீங்க சொல்லுததைத்தான் போய்ச் சொல்லப் போறேன்."

குமரகுரு நேரத்தைச் சரியாக அடித்தான்.

பிரிண்டர் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியதாக அவனுக்குத் தோன்றியது. பத்துக்கு நாலு. ரஜ்ஜு இல்லை.

ஏதாவது பரிகாரம் உண்டா என்று அவர் கேட்டார். ஒரு கோயில், ஒரு விளக்கு, ஒரு வெள்ளிக்கிழமை, எதுவானாலும் செய்வோம் என்றார். குமரகுருவிடம் அதற்கென்று வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் ஒன்று இருந்தது. ரஜ்ஜுவுக்குப் பரிகாரம் கிடையாது அண்ணாச்சி, வேற இடம் பாருங்க. அவன் யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது.

பரமசிவன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் வாசலில் நின்றார்.

"பையன் யாரோ, நல்லவனாம். ஒத்தையில கெடக்கான்னு இசக்கிமணி சொன்னான். பிள்ளை அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. ம்... அவனுக்கும் வேற எங்கனயாவது அமையும்."

"அமையும்" என்றான் குமரகுரு.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மினி பஸ் ஏறினான். எங்கே போகிறோம் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. குற்றாலம் என்று மட்டும் கண்டக்டரிடம் சொன்னான்.

பங்குனியில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. மெயின் அருவிப் பாறையில் ஈரத்தின் தடம்தான் இருந்தது. லாட்ஜ்களில் பூட்டு. சிப்ஸ் கடையை நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. பெண்கள் உடை மாற்றும் அறையின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்துவிட்டு, இவனிடம் ஒன்றும் இருக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தாணு கடையைத் திறந்துதான் வைத்திருந்தான். குமரகுருவைக் கண்டதும் கிண்டலுக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு டீ வாங்கி வந்தான். கிண்டல் வரவில்லை. டீ ஆறியது.

ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும் என்றான் குமரகுரு. தாணு அவனையே பார்த்தான்.

"எந்த முறையில?"

"உன் முறையிலதான்."

"யாருக்குலே?"

"கஸ்டமருக்கு."

குமரகுரு தேதியையும் நேரத்தையும் சொன்னான். கல்லூரி விடுதியில் அதே தேதியில் மூன்று வருஷம் கேக் வெட்டி, அதைக் குமரகுருவின் முகத்தில் அப்பியவன் தாணு. முகத்தில் எதையும் காட்டாமல் தேதியை அடித்துக்கொண்டான். அப்புறம் பெண்ணின் தேதி. அது குமரகுருவுக்குத் தாளைப் பார்க்காமலே வந்தது. தாணு அதையும் அடித்தான்.

கொஞ்ச நேரம் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"யுரேனஸ் ரெண்டு பேருக்கும் மகரம். நெப்டியூனும் ரெண்டு பேருக்கும் மகரம். புளூட்டோ ரெண்டு பேருக்கும் விருச்சிகம்." தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "மூணுக்கு மூணு."

தொண்ணூற்று மூன்றில் பிறந்தவனுக்கும் தொண்ணூற்று நாலில் பிறந்தவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது இந்த மாவட்டத்தில் குமரகுருவைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கில் பார்த்தால் உலகத்தில் பல கோடிப் பெண்கள் அவனுக்கு மூன்றுக்கு மூன்று. அவர்களில் ஒருத்திதான், ராத்திரிக்கு அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டிருக்கிறாள்.

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றான்.

தாணு எழுதினான்.

"சீல் இருந்தா வச்சுக் குடு."

சீல் இருந்தது. இங்க் பேட் போன சீசனோடு காய்ந்து போயிருந்தது. தாணு அதன் மேல் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அழுத்தித் தேய்த்து, தாளில் வைத்தான். பாதி வட்டம் விழுந்தது. இன்னொரு முறை வைக்கவா என்று கேட்டதற்குக் குமரகுரு போதும் என்றான். தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இசக்கிமணியிடம் கொடுத்தால் சிரிப்பார். பரமசிவன் ரெண்டு பஸ் மாறி வந்து வாங்கிப்போனது வேறொரு தாள். அதில் குமரகுருவின் கடை சீல் இருந்தது, முழு வட்டமாக.

மினி பஸ் வந்து, திருப்பத்தில் ஹாரன் அடித்து, ஏற ஆள் இல்லாமல் போய்விட்டது. தாணு டம்ளர்களைக் கழுவப் போனான்.

"ஏலே" என்று கூப்பிட்டான் குமரகுரு. "நெப்டியூனுக்கு என்ன அர்த்தம்?"

"கேலி பண்ணவா?"

"இல்ல. சொல்லு."

தாணு டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு காலத்தில் யுரேனஸ், கணக்குப் போட்ட பாதையில் போகாமல் விலகி விலகிப் போயிருக்கிறது. கணக்கில் தப்பு இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். தப்பு இல்லை. அப்படியானால் கண்ணில் படாத ஏதோ ஒன்று அங்கே இருந்து அதை இழுக்கிறது என்று முடிவுசெய்து, எங்கே இருக்கும் என்று கணக்குப் பண்ணி, அந்த இடத்தில் தேடினார்கள். நெப்டியூன் இருந்தது. இது ரெண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கேட்ட பாடம்தான். பரீட்சைக்கு வராது என்று குமரகுரு அன்றைக்கு அதை விட்டுவிட்டான்.

"அதனால, கணக்குக்குள்ள வராம, தெரியாம நின்னு இழுக்கிறது எல்லாம் நெப்டியூன்" என்றான் தாணு. "நான் அப்படித்தான் சொல்லுவேன். புஸ்தகத்துல வேற மாதிரியும் போட்டிருக்கு."

குமரகுரு ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"புஸ்தகத்துல உள்ளதையும் சொல்லு" என்றான். "மெதுவாச் சொல்லு."