பொட்டு வைத்த போல்ட்டுகள்

அருணகிரி எழுந்ததும் மோட்டார் போட்டான். தொட்டி நிரம்புவதற்குள் பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்து, பொங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மோட்டாரை நிறுத்தினான். பிறகு பின்புறத் தகரக் கொட்டகைக்குப் போய்க் காரின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினான்.

மனைவி கவிநிலா செத்ததிலிருந்து தினமும் இப்படித்தான். விலக்குவான், கொஞ்ச நேரம் பார்ப்பான், மறுபடி மூடிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்புவான். அன்று மூடவில்லை. அன்று அதை ஓட்ட வேண்டும்.

வெள்ளை பத்மினி. மாமனார் ராஜேந்திரன் வாலிபத்தில் ரேலிப் பந்தயம் ஓட்டிய வண்டி. போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு இடது கையில் பிடி போய்விட்டது. சென்னையில் பழைய கார்களுக்கு நடத்தும் ரேலியில் ஒரே ஒரு முறை அதை ஓட்டிவிட வேண்டும் என்று மகளிடம் கேட்டிருந்தார். பழைய ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். ஒற்றைக் கையால் நடக்காத காரியம். மெக்கானிக்கல் படித்த கவிநிலா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சின்னக் கார் ஒன்றின் லேசாகத் திரும்பும் ஸ்டியரிங்கை வாங்கிப் பொருத்தினாள். கையோடு கையாக நாலு கியர்ப் பெட்டியை இறக்கி ஜிப்சி ஜீப்பின் ஐந்து கியர்ப் பெட்டியை ஏற்றினாள்; அதன் தரைக் கம்பியைப் பிடி இல்லாத கையாலும் தள்ளிவிடலாம். அதற்குத் தோதாக பின் சக்கரங்களைச் சுழற்றும் நடுத்தண்டை லேத் பட்டறையில் கொடுத்து வெட்டிக் குறுக்கி வாங்கினாள். இதெல்லாம் முடிகிற நேரத்தில்தான் ஒருநாள் கொட்டகையிலேயே மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவள் பிறகு கண் திறக்கவில்லை.

பிரேக் குழாய், சீட், விளக்கு என்று மிச்சமிருந்த வேலைகளை அருணகிரி செய்து முடித்தான். அவன் கணக்கு வாத்தியார். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பானெட்டை மட்டும் அவன் திறக்கவில்லை. அவள் கடைசியாகத் தலையைக் குனிந்திருந்த இடம் அது.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு போல்ட்டை அளவு பார்த்துக் கடைசி முறுக்கு முறுக்கியதும் அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு சொட்டு வைப்பாள். பொட்டு வைப்பது என்பாள். கையால் சுற்றி நிறுத்தியிருப்பதற்குப் பொட்டு கிடையாது. பொட்டு வைத்ததை மறுபடி யாரும் தொடக்கூடாது, முறுக்கினதையே முறுக்கினால் மரை போய்விடும் என்பாள்.

முந்தின நாள் மாலை கல்லூரியிலிருந்து வந்ததும் அவன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பானெட்டைத் திறந்தான். டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தான். எல்லாவற்றிலும் சிவப்பு. எதையும் தொடாமல் மூடினான். அப்படியும் இரவெல்லாம் அதையே யோசித்தான். கியர் மாற்றிய வண்டி, ஸ்டியரிங் மாற்றிய வண்டி, மாற்றிய பிறகு ஒரு அடி கூடச் சாலையில் ஓடாத வண்டி. முதலில் அந்தக் கிழவர் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் கவிநிலாவுக்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். கூட வரக்கூடாது என்றும் சொன்னான். அது எடுபடவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து முந்தின நாள் காலையிலேயே மனைவியோடு பஸ் ஏறி வந்துவிட்ட மாமனார், தார்ப்பாய் விலகியதுமே வெள்ளை வேட்டியோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமியார் ஜோதியம்மாள் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள்.

வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடி அண்ணாமலையில் அந்தக் காலை நேரத்திலும் கிரிவலப் பாதையில் ஆட்கள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். அருணகிரிக்கு அவர்கள் முகம் தெரியவில்லை, குதிகால்கள்தான் தெரிந்தன. ஸ்டியரிங் பயப்படும் அளவுக்கு லேசாக இருந்தது. விரலால் தொட்டாலே வண்டி சாய்ந்தது. அவன் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. ஒவ்வொரு கையாக எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“இன்னா மாப்ளை, சாமி தேரை இழுக்கறாப்ல போறீங்க?” என்றார் ராஜேந்திரன். “பின்னாடி ஆட்டோக்காரன் திட்டறான் பாருங்க.”

காஞ்சி ரோடு வந்ததும் கூட்டம் கம்மியானது. அவர் ஒவ்வொரு கியராக மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது விழுந்தபோது இன்ஜினின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் காலத்தில் இந்த ஒரு கியர் இருந்திருந்தால் தன்னை எவனும் தொட்டிருக்க முடியாது என்றார். மகள் கெட்டிக்காரி என்றார். 

ஸ்டியரிங்கில் ஒரு சின்ன ஆட்டம் இருந்ததை அருணகிரி அப்போதுதான் கவனித்தான். ஒரு விரல் அகலம் திருப்பினால் வண்டி கேட்கவில்லை, அதற்கு மேல் திருப்பினால் கேட்டது. நடுங்குவது தன் கைதான் என்று நினைத்தான். கைதான் என்று இரண்டு முறை தனக்குள் சொல்லியும் பார்த்தான்.

ராஜேந்திரன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “நேத்து நீங்க காலேஜ் போனப்புறம் உங்க அத்தை கொட்டாய்ல போய் உக்காந்துனு ஒரே அழுகை. பொண்ணு சாமிக்குப் பொட்டு வெச்சா, பாதியில வுட்டுட்டுப் போயிட்டாளேனு. அப்பறம் அந்த பாட்டில எடுத்து, வெறுமனே இருந்ததுக்கெல்லாம் இவளே வெச்சு முடிச்சுட்டா.”

அருணகிரி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

“எதுக்கெல்லாம் வெச்சாங்க மாமா?”

“எனக்கு இன்னா தெரியும். பானெட்டைத் தூக்கி வெச்சுனு நின்னா.”

எதிரே ஏரிக்கரை வளைவு. வலப்பக்கம் பாதிச் சாலையில் வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் கரைச் சரிவு, அதற்குக் கீழே தண்ணீர்.  பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்குமோ தெரியாது. ஐந்திலிருந்து நாலுக்கு வந்தான். மூன்றுக்கு வந்தான். கியர்ப் பெட்டி சொன்னபடி கேட்டது. வேகம் குறைந்தது. வளைவு வந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான்.

அது சுற்றியது. வண்டி திரும்பவில்லை.

மறுபடி சுற்றினான். கையில் ஒரு கனமும் இல்லை. வெறும் தட்டைச் சுற்றுவது போல அது சுற்றிக்கொண்டே போனது. வண்டி நேராக ஏரியைப் பார்த்துப் போனது. கிழவர் தன் நல்ல கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.  அருணகிரி இரண்டாவது கியரைப் போட்டான். இன்ஜின் அலறியது. பிரேக்கை அழுத்தி, கை பிரேக்கையும் சேர்த்து இழுத்தான். டயர் மண்ணில் தேய்ந்தது. கரையோரக் குத்துக்கல்லில் பம்பர் முட்டி வண்டி நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தண்ணீர்தான் தெரிந்தது.

கடலை கிளறிய பெண்களில் ஒருத்தி ஓடி வந்து, அடி எதுவும் பட்டதா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் செம்பில் தண்ணீர் கொண்டு வர ஓடினாள்.

 அருணகிரி இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். ஸ்டியரிங் தண்டு வந்து சேரும் ஜாயின்ட் பல்லை விட்டுக் கழன்று தொங்கியது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய போல்ட் அங்கேயே இருந்தது. இரண்டு விரலால் தொட்டான். சுற்றியது. அதன் தலையில் சிவப்புப் பொட்டு, பளபளவென்று, வழியாமல், அவள் வைப்பது போலவே உருண்டையாக இருந்தது. பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள் ஜோதியம்மாள்.

ராஜேந்திரன் பக்கத்தில் வந்து நின்று அவன் விரலைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே கரை மண்ணில், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். 

“உங்க அத்தைகிட்ட இத சொல்லாதீங்க மாப்ளை.”

சொல்லமாட்டேன் என்றான். அந்த போல்ட்டை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை. விரல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

சாவு வீட்டில் பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, கடைசியா இன்னா சொன்னா, இன்னா சொன்னா என்று கேட்டார்கள். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. “உடம்பைப் பாத்துக்கோ” என்று சொன்னாள் என்றான். அழுகை கூடியது. சொந்தம் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. திரும்பத் திரும்பச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் மயங்கி விழுந்த அன்று காலை அவன் ஹெல்மெட் மாட்டிப் பைக்கைக் கிளப்பிவிட்டான். கொட்டகை வாசலில் கவிநிலா நின்றாள். கையில் கிரீஸ், காதோரம் ஒரு கோடு கிரீஸ். எதையோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் அவன் சரி என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். காதில் விழுந்த அந்த வார்த்தைகள் இத்தனை நாளும் உள்ளே எங்கோ கிடந்திருக்கின்றன.

“கிரி, ஸ்டியரிங் ஜாயின்ட்டுக்கு இன்னும் பொட்டு வெக்கல, அப்பா வந்தா வண்டியத் தொட வேணாம்னு சொல்லு.”