விழாத கூரை

1

இந்தக் கதை ஒரு நன்றியுரையாகத்தான் தொடங்கியது. என் அக்கா ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்துவிட்டார்கள். இவ்வளவு காலம் மைதானத்தில் நின்ற தற்காலிக வகுப்பறைகளை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அன்றைக்கு மேடையில் பேச ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டாள்.

"எல்லாருக்கும் நன்றி சொல்லணும், யாரையும் விட்டுடாதே. அழற மாதிரி எழுதாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

உட்கார்ந்தேன். முதல் நன்றி யாருக்கு என்று யோசித்தால் மனதில் ஒரு முகமும் வரவில்லை. ஒரு கூரை வந்தது. அது யார் தலையிலும் விழவில்லை. விழாத கூரைக்கு எந்த மேடையில் ஏறி நன்றி சொல்வது? பக்கம் நீண்டது, உரை கெட்டது, கதையாகிவிட்டது. அக்கா கடைசியில் வாயில் வந்ததைப் பேசிச் சமாளித்தாள். நன்றாகவே பேசினாள் என்று கேள்வி.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "கருமேகங்கள் சூழ்ந்த அந்த மாலையில், பழைய பள்ளிக் கட்டடம் தன் கடைசி மூச்சை –"

வேண்டாம். கட்டடம் மூச்சு விடாது. அன்றைக்கு மேகமும் இல்லையாம், அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

இரண்டாவது: "கான்கிரீட் என்பது மனிதனின் நம்பிக்கைக்கு இன்னொரு –"

இதை எழுதிய ஆளோடு எனக்கு இனிப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். விடுமுறை முடிகிற வாரம். கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர் ஒரு பெண் வந்திருந்தார். ஏணி போட்டு ஏறி, வகுப்பறைக் கூரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு அக்காவையும் மேலே வரச் சொன்னார். கையிலிருந்த திருப்புளியைக் கூரையில் வைத்து அழுத்தினார். சோப்புக் கட்டிக்குள் இறங்குவதுபோல அது உள்ளே போனது. உதிர்ந்த பொடி அக்காவின் மூக்குக் கண்ணாடி மேல் படிந்தது.

(ஒரு விளக்கம். அது ஒரு காலத்தில் கூரைகளுக்குப் போட்ட லேசான வகைக் கான்கிரீட். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்று போட்டார்கள். வயதாகி, நீரும் இறங்கிவிட்டால் ஒடிந்து விழக்கூடும். விழுவதற்கு முன் சத்தம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.)

"இது விழுமா?" என்று அக்கா கேட்டாள்.

"விழும்னு என்னால சொல்ல முடியாது மேடம். விழாதுன்னு கையெழுத்துப் போடவும் முடியாது."

"எப்பத்தான் சொல்ல முடியும்?"

"விழுந்தப்புறம்."

மேலிடத்து உத்தரவு வர நாளாகும், அதுவரை தலைமை ஆசிரியையின் முடிவுதான் என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் போய்விட்டார். திங்கட்கிழமை பள்ளி திறக்க வேண்டும். அக்கா சனிக்கிழமையே எல்லா வகுப்பறைகளையும் பூட்டினாள். அன்று போனில் என்னிடம் ஒரே ஒரு வரிதான் சொன்னாள். "சாவி கனமா இருக்குடி."

இந்த வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் எழுதினேன். பொறுப்பின் கனம், பதவியின் தனிமை, இன்னும் என்னென்னவோ. படித்துக் காட்டியபோது அக்கா சிரித்தாள். "பள்ளிக்கூடத்துச் சாவி மொத்தமும் ஒரே வளையத்துல கெடக்கு. கனமாத்தான் இருக்கும்." அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று.

3

திங்கட்கிழமை காலை வாசலில் பெற்றோர் கூட்டம். முன்னால் நின்றவர் ஒரு பேருந்து ஓட்டுநர். முதல் நடையை முடித்துவிட்டு, சீருடையோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு அது பொதுத்தேர்வு வருடம். மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. வீட்டில் பெண்ணைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை, பாடம் சொல்லித் தரவும் ஆள் இல்லை. குரல் வேறு பெரிய குரல்.

"இத்தனை வருஷம் விழாத கூரை, என் பொண்ணு பரீட்சை எழுதற வருஷமாப் பாத்து விழப் போகுதா டீச்சர்?"

"தெரியல சார்."

"தெரியாமயே பூட்டிட்டீங்களா?"

"தெரியாததாலதான் பூட்டினேன்."

இங்கே கூட்டத்தில் யாரோ கைதட்டியதாக எழுதி அடித்துவிட்டேன். யாரும் தட்டவில்லை. "இதெல்லாம் கேக்க நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் மகளை இழுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. கேட்க நன்றாக இருந்த அந்தப் பதிலின் மேல் ஒரு பிள்ளையையும் உட்காரவைக்க முடியாது.

அக்கா காவலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டால் "தண்ணி குடிச்சேன்" என்கிறாள்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. தண்ணீர்தான் குடித்தாள் என்றே இருக்கட்டும்.]

4

சின்னப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் இடம் கிடைத்தது. நடுவகுப்புகளுக்கு மூடிக்கிடந்த ஒரு துணிக்கடையைத் திறந்துவிட்டார்கள். அலமாரித் தட்டுகளில் சட்டை அளவுகள் ஒட்டியிருக்க, அதன் கீழே புவியியல் நடந்தது. தேர்வு எழுதும் வகுப்புக்கு மட்டும் எங்கும் இடமில்லை.

அந்த வாரமே ஓட்டுநர் திரும்பி வந்தார்.

"டிப்போல பகல் நேரத்துல கொஞ்சம் பஸ் சும்மாதான் நிக்கும். மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். சாயங்கால டிரிப்புக்கு முன்னாடி காலி பண்ணிடணும். சீட்டுல கிறுக்கக் கூடாது."

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. வாசலில் கத்திய மனிதர் நாலு பத்திக்குள் நல்லவராகத் திரும்பினால் எந்த வாசகர் நம்புவார்? அவர் மனம் மாற ஒரு காட்சி தேவை என்று, மகள் அழுவதும் அவர் ஜன்னல் வழியே பார்ப்பதுமாக ஒன்று எழுதினேன். சரிபார்க்க அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவர் எப்படிக்கா மனசு மாறினார்?"

"மாறவா? 'கூரை விழாது டீச்சர், அது வேற விஷயம்'னு சொல்லிட்டுத்தான் பஸ் கதவையே தொறந்தாரு."

ஜன்னல் காட்சியை எடுத்துவிட்டேன். நம்மை ஏற்றுக்கொண்டவர் நமக்கு உதவுவது இயல்பு. நாம் செய்தது தப்பு என்று உறுதியாக நினைத்துக்கொண்டே ஒருவர் நமக்காக மேலாளரிடம் போய் நிற்கிறார் என்றால், அவருக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது? உரை எழுத முடியாமல் போனதற்கு இவரும் ஒரு காரணம்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கரும்பலகையைக் கட்டினார்கள். கணக்கு ஆசிரியர் நடுவழியில் நின்று பாடம் நடத்தினார். நிற்கிற பேருந்துதான், ஆனாலும் பழக்கதோஷத்தில் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டே நடத்தினார். ஜன்னல் சீட்டுக்குத் தினமும் அடிதடி. யாராவது தப்பாக விடை சொன்னால் பின்சீட்டிலிருந்து "எறங்கு, எறங்கு, உன் ஸ்டாப் வந்துடுச்சு" என்று குரல் வரும். ஒரு ஆசிரியைக்கு டீசல் நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றியது. ஓட்டுநர் தன் நடை முடிந்ததும் பக்கத்துப் படிக்கட்டில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்து, காதை மட்டும் வகுப்புக்குள் அனுப்புவார்.

"அப்பா, அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடுங்களேன்" என்று மகள் ஜன்னல் வழியே கெஞ்சுவாள்.

"நான் என்ன உன் கணக்கையா சாப்பிடறேன்?"

5

பிறகு தற்காலிக வகுப்பறைகள் வந்தன. ஜன்னல் வைத்த நீளமான தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு லாரியை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தது. தெருவோ குறுகல். ஓட்டுநர் தானாகவே நடுத்தெருவில் நின்று கையசைத்தார். "வா, வா, வா... ஒடிச்சு வா... போதும், போதும்!" அப்படியும் வாசல் தூணில் ஒரு உரசல் விழுந்தது. கிரேன் முதல் அறையைத் தூக்கி மைதானத்தில் இறக்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். இந்தக் கைதட்டல் நிஜம், நானே அங்கிருந்தேன்.

அந்த அறைகளை அழகாக்கிச் சொல்ல எனக்கு ஆசைதான். அக்கா விடமாட்டாள். வெயிலில் கொதித்தன, குளிரில் விறைத்தன. ஒருவர் நடந்தால் எல்லோர் மேசையும் ஆடியது. பக்கத்து அறையின் வாய்ப்பாடு இந்த அறையின் இலக்கணத்துக்குள் புகுந்தது. மழை வந்தால் தகரத்தின் சத்தத்தில் ஆசிரியரின் குரல் எடுபடாது. அதனால் மழை பெய்யும் நேரமெல்லாம் அவரவர் விருப்பப்பட்டதைப் படிக்கலாம் என்று அக்கா விதி போட்டாள். கதைப் புத்தகங்கள் அந்த வருடம்தான் அதிகம் கைமாறின. பாடம் பிடிக்காத பையன்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. "ஆனா பூட்டுற வரைக்கும் அந்தக் கூரைக்குக் கீழதானே அத்தனை வருஷமும் சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்? திருப்புளி உள்ள போனதப் பாத்தப்புறம் எங்க நின்னாலும் மேலதான் பாப்பேன். இங்க வந்தப்புறம்தான் தலைக்கு மேல பாக்காம பாடம் நடத்தினேன். தகரத்துக்கு நான் கடன்பட்டிருக்கேன்டி."

ஓட்டுநரின் மகள் தகர அறையில்தான் தேர்வு எழுதினாள். கணக்குத் தேர்வன்று நல்ல மழை. தேறினாள். பெரிய மதிப்பெண் எல்லாம் இல்லை. முடிவு வந்த அன்று அவர் அக்காவைத் தேடி வந்து சொன்னார்.

"பஸ்லயும் தகர டப்பாலயும் படிச்சே பாஸ் பண்ணிட்டா டீச்சர். ஒழுங்கான கட்டடத்துல இருந்திருந்தா எவ்வளவு வாங்கியிருப்பா!"

"ஆமா சார்," என்றாள் அக்கா. மனதாரத்தான் சொன்னாளாம்.

6

இனி முடிவு. இந்த இடத்தில் கூரை விழ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முடிவு ஒன்று: ஒரு விடுமுறை நாள். பூட்டிய வகுப்பறைக்குள் பெருஞ்சத்தம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் பெஞ்சுகள் மேல் கூரை கிடக்கிறது. ஓட்டுநர் பேச்சற்று அக்காவைப் பார்த்துக் கைகூப்பு –

அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"விழணும்னு ஆசைப்படறியாடி?"

"கதைக்குத்தான்க்கா. உள்ள யாரும் இல்ல."

"உனக்கு அது வெறும் பெஞ்சு. எனக்கு ஒவ்வொரு பெஞ்சுலயும் யார் உக்காந்திருந்தாங்கன்னு தெரியும்."

எடுத்துவிட்டேன்.

முடிவு இரண்டு: இடிக்கும் இயந்திரம் வந்து முட்டுகிறது. கூரை அசையவில்லை. ஓட்டுநர் சிரிக்கிறார். அக்கா தலைகுனி –

இதையும் எடுத்துவிட்டேன். என் அக்காவைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தில் இது ஒரு சங்கடம். விழுந்ததற்குச் செய்தி உண்டு, தேதி உண்டு, கல்வெட்டும் உண்டு. விழாததற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, சண்டை போட்டு, வேலை தேடி, தலை நரைத்துப் போவார்கள். அதுதான் அதன் அடையாளம். அதைப் பார்த்து ஒருவரும் கூரையை நினைக்கப் போவதில்லை. அதனால்தான் இவ்வளவு அடித்து அடித்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

நடந்தது இதுதான். பழைய கட்டடத்தை இடித்த அன்று தூசி பறக்காமலிருக்கச் சுற்றிலும் கனத்த படுதா கட்டிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கூரைத் துண்டுகள் மூடிய லாரிகளில் போயின. வேலியோரம் நானும் அக்காவும் நின்றிருந்தோம். ஓட்டுநர் இடிப்பு வேலை மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டு எங்களை நோக்கி வந்தார்.

"டீச்சர், அந்த ஆள்கிட்டக் கேட்டுட்டேன். கூரை எந்த நிலைமையில இருந்துச்சுன்னு –"

அக்கா கையை உயர்த்தினாள். "சொல்லாதீங்க சார்."

"தெரிஞ்சுக்க வேணாமா?"

"எதுவா இருந்தாலும் அன்னைக்கு நான் பூட்டித்தான் இருப்பேன். இப்பத் தெரிஞ்சுக்கிட்டா ஒண்ணு எனக்குத் தலைக்கனம் வரும், இல்லேன்னா உங்களுக்கு வரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி. எனக்கும் மறந்துபோச்சு."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கடைசி லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியும். நான் எழுதுகிறவள், என்னால் முடியவில்லை. சென்ற வாரம் அவர் ஓட்டும் பேருந்தில் ஏறினேன். முன்னால் போய், டீச்சரின் தங்கை என்று சொன்னேன். தலையசைத்தார். கூரை எந்த நிலைமையில் இருந்ததாக அந்த மேற்பார்வையாளர் சொன்னார் என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. ஒரு விரலால் தலைக்கு மேலிருந்த வாசகத்தைத் தட்டினார்.

ஓட்டுநருடன் பேசாதீர்கள்.

பள்ளி நிறுத்தம் வந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். கடைசிப் பிள்ளையும் கம்பியைப் பிடிக்கும்வரை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் கியரைத் தொட்டார்.

இன்றும் அவர் அந்தத் தடத்தில்தான் ஓட்டுகிறார். முடிவு வேண்டுமென்றால் நீங்கள் ஏறிக் கேட்டுப் பாருங்கள். என் நிறுத்தம் வந்துவிட்டது, நான் இறங்கிக்கொள்கிறேன்.