செங்கம்மாவின் கைப்பக்குவம்

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், துவைகல்லின் முன்னால் குந்தியிருந்த இஸ்ரேல் கையில் இருந்த உள்பாவாடையோடு வீட்டுக்குள் ஓடிவந்தான். ஓடிவந்தவனுக்கு அதை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. பீரோவைத் திறந்தான், மூடினான். கடைசியில் சொட்டச் சொட்ட அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, படுத்திருந்த மனைவியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அக்கா வந்துகீது. செங்கம்மா இப்பத்தான் போனாள்னு சொல்லு, இன்னா?"

கேசியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். தலையணையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டி வைத்தாள்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுச் சித்தூர் மிஷன் காம்பவுண்ட் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றரை மாதத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, அடுப்படியில் நிற்கக்கூடாது, எதையும் சுமந்துகொண்டு நடக்கக்கூடாது என்று டாக்டரம்மா இஸ்ரேலின் முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியிருந்தார். வேலூரில் நர்சிங் படிக்கும் மகளுக்குப் பரீட்சை. ஆகவே ரேணிகுண்டா பட்டறையில் போல்ட்டு முடுக்குகிற இஸ்ரேல் லீவு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனான்.

போனதில் தப்பில்லை, போனதை யாராவது பார்த்துவிட்டால்தான் தப்பு. அந்தத் தெருவில் ஆம்பிளை எது வேண்டுமானாலும் செய்யலாம். சபைக் கமிட்டித் தேர்தலில் சட்டை கிழியச் சண்டை போடலாம், மறு ஞாயிறே முதல் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழலாம். பெண்டாட்டியின் புடவையைக் கொடியில் உலர்த்தினால் மட்டும் மானம் கப்பலேறிவிடும்.

அதனால்தான் பக்கத்து வீட்டு ஷோபா தாளிப்பு வாசனை பிடித்துக்கொண்டு வந்து யார் சமையல் என்று கேட்டபோது, பனிமனிஷி வைத்திருக்கிறோம், பெயர் செங்கம்மா, விடியற்காலையில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். அந்தப் பக்கத்தில் வீட்டு வேலை செய்கிறவளைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். ஷோபா பெண்கள் சங்கத்துச் செயலாளர். ஆகவே ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் செங்கம்மாவைச் சபை முழுவதும் தெரிந்துகொண்டது.

ஆரம்பத்தில் செங்கம்மாவின் சோறு கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் எதுவாகவோ இருந்தது. கேசியா படுத்த இடத்திலிருந்தே உப்பு, புளி என்று சொல்லச் சொல்ல, நாளாக நாளாகக் கை படிந்துவிட்டது. ஒருநாள் ஷோபா ஒரு கிண்ணம் ரசம் வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம், எங்கள் வீட்டுக்கும் அவளை வரச் சொல்லுங்கள் என்றாள். அன்று முழுவதும் இஸ்ரேல் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேசியா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது, செங்கம்மாவின் பேர் எட்டியிருந்த குடுபல்லி கிராமத்திலிருந்து அக்கா லோயிஸ் வந்துவிட்டாள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், மறு கையில் தோட்டத்துத் தக்காளி. கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, உடம்பு எப்படி இருக்கிறது என்பதல்ல.

"அந்தச் செங்கம்மா இன்னா ஆளுங்க?"

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று கோயிலில் எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறவள் லோயிஸ்தான். பாட்டு வேறு, சமையற்கட்டு வேறு. இஸ்ரேல், ரொம்ப நல்ல ஆளுங்க அக்கா என்றான். கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல ஓடிவந்து லோயிஸின் கால் விரலைத் தொட்டது. சொம்பு கவிழ்ந்துவிட்டது என்று கேசியா சொல்லிவைத்தாள்.

லோயிஸ் வந்த காரியம் வேறு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்ததும் பாஸ்டரும் சபையாரும் வீட்டுக்கு வந்து ஸ்தோத்திர ஜெபம் செய்வார்கள். ஆபரேஷன் முடிந்து பிழைத்து வந்தவர்களுக்கு அந்தச் சபையில் அது வழக்கம். வந்தவர்களுக்கு வீட்டுப் பெண் தன் கையால் காப்பி கொடுக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். பிழைத்துவந்ததே அந்த வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வதென்று வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசித்திருக்கவில்லை.

"கூலிக்கு வந்தவ கையால பாஸ்டருக்குக் காப்பி குடுப்பியா?" என்றாள் லோயிஸ். "நம்ம நைனா சாவுற வரிக்கும் ஒரு டம்ளர் கழுவினது கெடையாது. நான் பெத்துப் போட்ட மறுநாளே எழுந்து ராகி அரைச்சவ. நீ ஒரு ட்ரே தூக்கறதுக்கு இன்னா?"

சொல்லிவிட்டு எழுந்தவள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்தாள். கேசியா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அப்படித்தான் பார்த்திருக்கிறாள். ராகி அரைத்த இடுப்பு அது. கோபம் வர வேண்டிய நேரத்தில் கேசியாவுக்கு அவள்மேல் பாவமாக இருந்தது.

லோயிஸ் சித்தூரிலேயே இருக்கும் மகள் வீட்டில் தங்கக் கிளம்பிப் போனதும், இஸ்ரேல் கட்டிலுக்கு அடியிலிருந்து உள்பாவாடையை இழுத்து எடுத்தான். எடுத்தவன் போகவில்லை. அதன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். காப்பி, வடை எல்லாவற்றையும் தானே செய்து வைத்துவிடுவதாகச் சொன்னான். பிறகு மெதுவாகப் பேச்சை இழுத்தான்.

"ட்ரேயை மட்டும் நீ எடுத்துக்கினு வந்துடு கேசியா. சமையல்கட்டுலருந்து கூடத்துக்குத்தானே."

"தையலு பிரிஞ்சா?"

"சொம்மா ஒரு ட்ரேதானே" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தவன், தலை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டு அசடு வழிந்தவன், அவள் முனகினால் எழுந்து உட்காருகிறவன். இப்படிப்பட்டவனுக்கும் அவள் வயிற்றைவிடத் தெருவின் வாய் பெரிதாகப் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் உளுந்து ஊறவைக்கப் போனான்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் பார்க்க வசதியாகக் கேசியாவின் கட்டிலைக் கூடத்திலேயே போட்டிருந்தார்கள். உள்ளே செங்கம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ரொம்பக் கூச்சப்படுகிறவள், வெளியே வரமாட்டாள் என்று இஸ்ரேல் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மேற்பார்வை பார்ப்பதற்காக அடிக்கடி உள்ளே போய்வந்தான். ஒவ்வொரு தடவையும் அதிகமாக வியர்த்து வந்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று எழுந்த ஷோபாவைச் சமையற்கட்டு நிலைப்படியில் கையை விரித்து நின்று தடுக்க வேண்டியிருந்தது.

பாட்டு முடிந்தது. லோயிஸ் தொண்டையைச் செருமினாள்.

"கேசியா, எழுந்திரு. காப்பிய எடுத்துக்கினு வந்து பாஸ்டரு கையில குடு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேசியா ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. நிலைப்படியில் இஸ்ரேல் நின்றிருந்தான். கண்ணாலேயே கெஞ்சினான். கேசியா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டாள்.

"செங்கம்மா" என்று கூப்பிட்டாள். "காப்பி எடுத்துக்கினு வா."

உள்ளே எண்ணெய் காயும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்னத்தான் செங்கம்மா" என்றாள் மறுபடியும், புருஷன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இஸ்ரேல் உள்ளே போனான். வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தான். கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையில் முழங்கை வரைக்கும் உளுந்து மாவு, கையில் ட்ரே. பாஸ்டருக்கு முதலில் நீட்டினான். ஷோபா, அப்படியானால் அந்த ரசம் என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்றான் இஸ்ரேல். வெட்கத்தில் குனிந்திருந்த தலை, அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கூடம் முழுவதும் 'த்சொ த்சொ' என்றது. பாவம் மனுஷன், எத்தனை நாளாக இந்தப் பாடு படுகிறாரோ என்று பெண்களே சொன்னார்கள். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை உயர்த்தினார்.

"ஆண்டவரே, அடுப்படியின் பாடுகளைப் பொறுமையாய்ச் சுமக்கிற உமது தாசனாகிய இஸ்ரேலைக் கண்ணோக்கிப் பாரும். எங்கள் சகோதரியைத் தாமதமின்றி எழுப்பி, அவளைத் தன் அடுப்பண்டையிலே மறுபடியும் நிறுத்தும்."

ஆமென் என்றது கூடம். கேசியா சொல்லவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"பாஸ்டர், அந்த அடுப்பாண்ட நான் கல்யாணம் ஆன நாள்லருந்து நிக்கிறேன். அதுக்குப் பாடுன்னு பேருன்னு இன்னிக்குத்தான் தெரியுது. எனக்கும் ஒருவாட்டி ஜெபம் பண்ணிடுங்க, பழசெல்லாம் சேத்து."

பாஸ்டர் கண்ணை மூடினார். அறுவடைக்கு, பிரயாணத்துக்கு, பரீட்சைக்கு, புது மோட்டார் சைக்கிளுக்குக்கூட அவரிடம் ஜெபம் இருந்தது. இதற்கு இல்லை. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்து, வடை நன்றாக இருக்கிறது என்றார்.

ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். லோயிஸ் பழக்க தோஷத்தில் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"வெச்சிடுங்க அண்ணி" என்றாள் கேசியா. "செங்கம்மா கழுவுவா."

லோயிஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் வந்து அவள் கையிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு உள்ளே போனான். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் லோயிஸ் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சமையற்கட்டைப் பார்க்காமல், கேசியாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"எனக்கும் இன்னொரு காப்பி போடச் சொல்லேன், உன் செங்கம்மாவ."