பெட்டிக்குள் இறங்கிய குரல்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பழைய சாமான் என்றால் உயிர். எதையும் குப்பையில் போட மனசு வராது. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கம்பெனியில் கழித்துக் கட்டிய ஒரு லேப்டாப்பை அவர் தலையில் கட்டியபோதும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். திரையில் குறுக்கே விரிசல். பாதி எழுத்துகள் தேய்ந்துபோன கீபோர்டு. அதைச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்து, "இதுதான் இனிமே நம்ம வீட்டு சர்வர்" என்று அறிவித்தார். மனைவி அதைப் பார்த்தாள், கீழே இருந்த செருப்புகளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் அடுத்த அறைக்குக் கேட்காது.

அவளுக்குக் குரல் போய்விட்டது. மகள் பிறந்த கையோடு தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்ததே பெரிசு என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிசுதான், யார் இல்லையென்றது? ஆனால் அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து வெறும் மூச்சுதான் சொல்லாக வந்தது.

அதற்கு முன்னால் அவள் இணையத்தில் குழந்தைக் கதைகள் வாசித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் முதலில் அவள் குரலைத்தான் கேட்டார், அவளை அப்புறம்தான் பார்த்தார். ஒரு மத்தியான நேரம், பாதியில் நின்ற லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, உதிரிப் பாகம் வரும்வரை காதில் எதையோ மாட்டிக்கொண்டார். அந்த இருட்டுக் குழிக்குள், மேல்மாடி எங்கிருந்தோ இறங்கி வருவதுபோல ஒரு குரல் கதை சொன்னது. பாகம் வந்து சேர்ந்தது. மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்தில்தான் அது போய் முடிந்தது.

கதை வாசித்த அந்தக் குழு கலைந்துபோனது, அவர்களுடைய தளத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள். அவள் பதிவுகளை வைத்திருந்த கம்ப்யூட்டர் அதற்கும் முன்பே மண்டையைப் போட்டிருந்தது. மகள் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள், அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வாயாடி தன் அம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை. மெக்கானிக்கின் நெஞ்சில் இது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மச்சான் போன் செய்தான்.

"மாமா, அக்காவோட பழைய குழு ஆளுங்க போட்ட லிங்க் ஒண்ணு கிடைச்சிருக்கு. எல்லாக் கதையும் ஒரே மூட்டையா இருக்கு. ஆனா ஒரு தளத்துலேருந்து இறங்காது. அதை வெச்சிருக்கிற யாராவது ஒருத்தர் அவங்க மெஷினைத் திறந்து வெச்சாத்தான் துண்டு துண்டா வரும். அவங்க எப்ப வருவாங்கன்னு தெரியாது, நம்மளுது நாள் பூரா முழிச்சிருக்கணும்."

லேப்டாப் செருப்பு அலமாரி ஏறிய கதை இதுதான். மச்சான் போனிலேயே சொல்லச் சொல்ல, மெக்கானிக் ஒற்றை விரலால் தட்டினார். டவுன்லோட் செய்யும் அப்ளிகேஷனை ஒரு கன்டெய்னருக்குள் வைத்து ஓட்ட வேண்டுமாம். மற்ற எதனோடும் ஒட்டாமல் தனிப் பெட்டிக்குள் அது தன்பாட்டுக்கு வேலை செய்யும். கெட்டுப்போனால் பெட்டியையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்குக்கு இது சட்டென்று பிடிபட்டது. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பெட்டியோடுதானே மாரடிக்கிறார்!

"கடைசியா ஒண்ணு மாமா. டவுன்லோட் ஆகிற ஃபோல்டரைப் பெட்டிக்கு வெளியில இருக்கிற டிஸ்க்கோட இணைச்சிடுங்க."

அந்த நேரம் பார்த்து வாயாடி கிரீஸ் டப்பாவைத் திறந்துவிட்டாள். "சரி சரி, பண்ணிடறேன்" என்று போனை வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது அந்தப் பேச்சே நினைவில் இல்லை.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாதே.

பிறகு காத்திருப்பு. வெயில் அலமாரியின் மேல் ஏறி, லேப்டாப்பின் முதுகைத் தடவிவிட்டு இறங்கிப்போகும். உள்ளே சின்ன விசிறி சுற்றும். ஒன்றும் வராது. திடீரென்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ தன் கம்ப்யூட்டரைத் திறப்பார். திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் நகரும். அவர் மூடிவிடுவார், கோடு நின்றுவிடும். அந்த முகம் தெரியாத ஆளோடு மெக்கானிக் மனசுக்குள் குடித்தனமே நடத்த ஆரம்பித்தார். இந்நேரம் அங்கே விடிந்திருக்கும். ஜன்னல் திரையை விலக்கி மழை வருமா என்று பார்ப்பார். முகம் கழுவுவார். நம் வீட்டுக்காரியின் ஒரு சிரிப்பை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு வேலைக்குப் போவார். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கண்ணை மூடினால், ஏழாம் மாடியில் ஒரு சொல்லும் ஐந்தாம் மாடியில் ஒரு பெருமூச்சும் மிதந்து இறங்குவது அவருக்குத் தெரிந்தது. கூட வேலை செய்கிற எலக்ட்ரீஷியன், "என்னண்ணே, தூங்கறீங்களா?" என்று உலுக்க வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் கோடு முழுசாகப் பச்சை. எல்லாம் வந்துவிட்டது. ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. பண்டம் வாங்கிய குழந்தை பிரிக்காமல் வைத்துக்கொள்வதுபோல வெறுமனே பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மனைவிக்கும் மகளுக்கும் போட்டுக்காட்டுவது என்று முடிவு.

இங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கும் முன் தேய்ந்ததை மாற்றி, துடைத்து, முழுக்க நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டார். அப்ளிகேஷனோ புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று மூலையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பழசை வைத்துக்கொண்டா ஒப்படைப்பது? பழைய கன்டெய்னரை அழித்தார், புதுசை இறக்கினார், திறந்தார். பளிச்சென்று இருந்தது. காலியாகவும் இருந்தது.

"பெட்டிக்குள்ளேயேவா இறங்கியிருந்துச்சு?" என்று கேட்டான் மச்சான் போனில். "வெளி டிஸ்க்கோட இணைக்கலையா? பெட்டியை அழிச்சா உள்ள இருந்ததும் போயிடும் மாமா."

மெக்கானிக் மறுபடி லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தார். இந்த முறை ஃபோல்டரை ஒழுங்காக இணைத்து, அதே லிங்கை மறுபடி போட்டார். அந்தப் பக்கம் ஆளே இல்லை. நாள் போகப் போக, அந்த முகம் தெரியாதவர் வீடு மாறிவிட்டார் என்றும் கம்ப்யூட்டரை விற்றுவிட்டார் என்றும் நினைப்பு ஓடியது. சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு மட்டும் கிடைத்த ஒன்றைத் தன் கையாலேயே குழிக்குள் தள்ளிவிட்ட வலி.

மனைவி கவனிக்காமல் இருப்பாளா? தட்டை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்து, "என்னங்க ஆச்சு?" என்றாள், மூச்சாக.

எல்லாவற்றையும் கொட்டினார். "குழந்தைக்காகத்தான்... அவ ஒரு தடவையாவது கேக்கணும்னு..."

முதலில் அவள் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"எனக்கே மறந்துபோச்சுங்க, அது எப்படி இருக்கும்னு."

இதை அவர் யோசிக்கவே இல்லை. குழந்தை, குழந்தை என்றே இருந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருமாகச் செருப்பு அலமாரியைக் காவல் காத்தார்கள். அவள் காய் நறுக்குவதையும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை வந்தது, விட்டது, மறுபடி வந்தது. ஒரு மத்தியானம், கொட்டும் மழைக்கு நடுவே, கோடு நகர்ந்தது.

"பழைய ஆள் இல்லை, இது வேற ஊர்" என்றான் மச்சான், போனில் விவரம் கேட்டுவிட்டு. "உங்ககிட்ட முழுசா இருந்த அந்த ஒரு வாரத்துல, உங்க மெஷின்லேருந்து யாரோ எடுத்திருப்பாங்க மாமா. நீங்க குடுத்ததுதான் திரும்பி வருதுன்னு நினைக்கிறேன்."

மெக்கானிக் அந்த விரிசல் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். வெட்கமே படவில்லை.

கோடு நிறைந்ததும் வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டுத்தான் மூச்சே விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீக்கரை வைத்து மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மழையைத் தேடிப் போன ஒரு குடையின் கதை. குரல் வந்தது. லிஃப்ட் குழியில் கேட்ட அதே குரல், கொஞ்சம்கூடத் தேயாமல். மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது.

"இந்த ஆன்ட்டி யாருப்பா?" என்றாள் வாயாடி.

"அம்மாடா. அம்மாதான்."

"போப்பா, பொய்!"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஆனால் மனைவி கையை எடுத்துவிட்டு மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கதை மனப்பாடம். ஸ்பீக்கர் சொல்வதற்கு ஒரு கணம் முன்னால், அடுத்த வரியை மூச்சால் சொன்னாள்: "குடை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது." குடை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது என்றது ஸ்பீக்கர். "எங்கேயும் ஒரு சொட்டுகூட இல்லை." எங்கேயும் ஒரு சொட்டுகூட இல்லை.

வாயாடி வாயைப் பிளந்துகொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா! அம்மா சொல்றதைத்தான் அது சொல்லுது!"

"ஆமாண்டா, அதைத்தான் நானும்..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக். வாயாடி அவரை முடிக்க விடவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த மூச்சுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

"சத்தத்தைக் குறைங்கப்பா. அம்மா சொல்றது கேக்கல."