நேரலையில் ஓர் ஊர்ப்பெயர்

இல்ஃபோர்ட் தேவாலய மண்டபத்தில் பியானோக் கச்சேரிக்காகக் கமெராவைப் பூட்டிக்கொண்டிருந்த கணவனின் கையை மேரிசாந்தி பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, லைவ்வாப் போடாதேங்கோ. ஒஸ்தாப்பின்ரை தங்கச்சி இன்னும் அங்கைதானே."

"கோயில் பங்குச் சனம் எல்லாருக்கும் சொல்லியாச்சு, மேரி. இனி நிப்பாட்ட ஏலாது," என்றான் ஜெராட்.

ஒஸ்தாப் உக்ரைன் இசையமைப்பாளன். சண்டை தொடங்கிய வருடத்திலிருந்து அவர்கள் வீட்டு மேலறையில் இருப்பவன். அவன் பிறந்த மெலிட்டொபோலை ரஷ்யப் படை பிடித்து வைத்திருக்கிறது. தங்கை லேஸ்யா அங்கே அகப்பட்டுக் கிடக்கிறாள். இங்கே ஒருவன் வாய் திறந்தால் அங்கே யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை மேரிசாந்திக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவள்தான். ஆனால் பத்திரிகைக்காரன் கமெராவைத் தூக்கும்போதெல்லாம், ஊரில் அண்ணை இருக்கிறாரே என்று சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பாதிப் பேரும் அப்படித்தான். உலகமே பார்க்க வேண்டும் என்று போய், தங்களை மட்டும் பார்க்கக் கூடாது என்று ஒளித்த கூட்டம்.

அறிவிப்பாளராக நின்ற அவள் இப்போதும் அவனை ஒளித்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒஸ்தாப் மொஸ்கோவில் படித்த காலத்து இசைத்தட்டுகளில் 'ரஷ்ய இசையமைப்பாளர்' என்றுதான் போட்டிருந்தார்கள். அதைக் கண்டாலே அவன் முகம் சுருங்கும். சுருங்கட்டும், லேஸ்யா உயிரோடிருந்தால் போதும். கச்சேரி தொடங்கியதும், பெயரை விட்டுவிட்டு மைக்கில் அதை மட்டும் சொன்னாள்.

பியானோவில் வைத்த கையை ஒஸ்தாப் எடுத்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். எழுந்து வந்து மைக்குக்காகக் கையை நீட்டினான்.

"வேண்டாம், ஒஸ்தாப். லேஸ்யாவை நினைத்துப் பார்," என்றாள் ஆங்கிலத்தில்.

"சொல்லச் சொன்னதே அவள்தான். நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

தன் கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினான். தன் பெயரைச் சொன்னான். உக்ரைன்காரன் என்றான். மெலிட்டொபோல் என்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஊர்ப்பெயரையும் சொன்னான். பிறகு வாசித்தான். மேரிசாந்தியின் காதில் ஒரு சுரமும் ஏறவில்லை. அவன் எங்கே வாசித்தாலும், முடிந்த கையோடு லேஸ்யா அவன் கைபேசிக்கு ஒரு சூரியகாந்திப் படம் அனுப்புவாள். அதற்காகவே மேரிசாந்தி காத்திருந்தாள்.

வாசித்து முடித்தான். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. கைபேசியில் படம் வரவில்லை. ஜெராட் கமெராவை அவள் பக்கம் திருப்பினான். அவள் கை தானாகச் சால்வைத் தலைப்பைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது. கறுத்துக் கிடந்த கைபேசிக் கண்ணாடியில் அவள் முகம் மூடாமல் தெரிந்தது.