வாலில் நாற்பத்திரண்டு கிலோ

விமானத்தின் வாலை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள் சின்னவள். பாதி உயரத்தில் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, கைப்பிடியை அடித்தபடியே பேசினாள்.

"உங்கக்கா போயிட்டா," என்றார் அத்தான். "எட்டரைக்கு. கஷ்டப்படல. தூக்கத்துலயே."

"சரி அத்தான்."

போனைக் கீழே வைத்தாள். ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டுக்கு வரும்வரை இன்னும் ஏழெட்டு அடி அடித்தாள். விமானம் மட்டமாக நின்றது. பிறகு கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடமாக நோயில் போகிறேன் போகிறேன் என்று இருந்தவள், பார்த்துப் பார்த்து இந்த நாளையா பிடிக்க வேண்டும்?

இன்றைக்குத்தான் விமானத்துக்கு எடை.

அந்த இரட்டை எஞ்சின் விமானத்துக்கு வயது எழுபத்தொன்று. அதன் பழைய பிஸ்டன் எஞ்சின்கள் குடிக்கிற பெட்ரோல் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு டர்பைன் எஞ்சின்களைப் பொருத்துவது என்று முடிவுகட்டி, கணக்குப் போட்டு, படம் வரைந்தவள் பெரியவள். தகடு வெட்டி ஆணி அடித்தவள் சின்னவள். டர்பைனுக்குச் சக்தி அதிகம். வம்பு என்னவென்றால், எடை பழசில் பாதிகூடத் தேறாது. முன்பக்கம் அப்படி இளைத்துப்போனால் வால் கனத்துவிடும், விமானம் சொன்ன பேச்சுக் கேட்காது. அதனால் பெரியவள் புது எஞ்சின்களை இறக்கையிலிருந்து வெகுதூரம் முன்னால் நீட்டிவிட்டாள். ஏறி இறங்கும் சீசா பலகையில் ஒல்லிப்பிள்ளையை நுனியில் உட்காரவைப்பது மாதிரிதான். அந்த இரண்டு நீண்ட மூக்குகளையும் பார்த்துவிட்டு, ஓடுபாதையில் வேலை செய்கிறவர்கள் விமானத்துக்குக் 'கொசு' என்று பேர் வைத்தார்கள்.

"வெச்சுக்கட்டும். கடிக்கிறப்போ தெரியும்," என்றாள் பெரியவள்.

பத்து மணிக்கு, பறக்க அனுமதி தருகிற பரிசோதகர் மூன்று எடைமேடைகளோடு வந்து இறங்கினார். பின்னாலேயே அத்தானும் வந்தார். ஓட்டப்போகிறவர் அவர்தான். சவரம் செய்யாத முகமும் இரண்டு நாள் சட்டையுமாக இருந்தார்.

"கேள்விப்பட்டேன்," என்றார் பரிசோதகர். "இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"எப்போ சார்?"

"எனக்கு அடுத்த முறை இந்தப் பக்கம் வர எட்டு மாசம் ஆகும்."

கொசுவைக் கேட்டிருந்த தீவு ஆஸ்பத்திரிக்காரர்கள் எட்டு மாதம் காத்திருக்கமாட்டார்கள். நோயாளிகளை ஏற்றிவர வேறு விமானத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

"நாலு மணிக்கு அடக்கம்," என்றார் அத்தான். "உங்கக்கா அங்க தனியாக் கெடக்குறா. நாம இங்க எடை பாத்துட்டு நிக்கிறதா?"

"அவ எந்திரிச்சு வந்தா நேரா எங்க வருவா அத்தான்? வீட்டுக்கா?"

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் வாலைத் தாங்கும் ஜாக்கிக்கும் அடியில் மேடைகளை நகர்த்தி வைத்தார்கள். மூன்று மாதம் முன்பு பெரியவள் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பரிசோதகர் பிரித்து வைத்துக்கொண்டார். இடது சக்கரம் ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு. வலது ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்று. இரண்டும் தாளில் இருந்ததுதான், கிலோ பிசகவில்லை. வாலுக்குப் பெரியவள் போட்டிருந்தது நூற்று இருபத்தெட்டு. மேடை நூற்று எழுபது காட்டியது.

பரிசோதகர் மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். நூற்று எழுபதுதான்.

"நூத்தி நாப்பதுக்கு மேல நான் விடமுடியாதும்மா. மூக்கு சக்கரத்துக்குக் கிட்ட இருக்கு, அதனால அங்க ஒரு நூத்தி இருபது கிலோ ஈயம் வெச்சுடுங்க, சரிக்குச் சரியாப் போயிடும்."

"நூத்தி இருபது கிலோ வெச்சா அப்புறம் ஸ்ட்ரெச்சர் ஏத்த முடியாது சார். ஈயத்தைத்தான் தீவுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"வெச்சுட்டுப் போகலாம் விடு," என்றார் அத்தான் தணிந்த குரலில். "அவளும் மனுஷிதான. மருந்து மயக்கத்துல போட்ட கணக்கு. எங்கயோ சறுக்கிட்டா."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. செத்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் 'சறுக்கிட்டா'. அவள் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, மூன்று எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கூட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சார், எஞ்சினை அவ தப்பான எடத்துல வெச்சிருந்தா என்ன ஆகும்? முன்னால கொறஞ்சு பின்னால ஏறும். மொத்தம் மாறாது."

"மாறாது."

"முன்னால ஒரு கிலோகூடக் கொறையலயே. மொத்தம்தான் நாப்பத்திரண்டு கூடியிருக்கு. அவ கணக்குலயே இல்லாத ஏதோ ஒண்ணு வால்ல உக்காந்திருக்கு."

சொல்லி முடிக்கும்போதே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு வாலுக்குள் பெயிண்ட் அடிக்கத் தவழ்ந்து போனபோது, கடைசித் தடுப்பில் சதுரமாக ஒரு தகடு ரிவெட் அடித்திருந்தது. பழைய ஒட்டு என்று நினைத்து அதன்மேலேயே அடித்துவிட்டு வந்தாள். "வால் பக்கம் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தியா?" என்று பெரியவள் கேட்டாள். "பார்த்தேன்க்கா" என்றாள். சாப்பாட்டு நேரம், பசி.

டிரில்லை எடுத்துக்கொண்டு வாலுக்குள் தவழ்ந்தாள். பதினாறு ரிவெட். தகடு கையோடு வந்தது. உள்ளே ஈயக்கட்டிகள், அடுக்கிக் கம்பியால் கட்டியிருந்தன. பழைய எஞ்சின்களின் கனத்துக்கு மூக்கு தொங்கியிருக்கும். எந்தக் காலத்திலோ எவனோ வாலில் ஈயத்தை வைத்துவிட்டு, ஏட்டில் எழுதாமல் போய்விட்டான். ஒவ்வொன்றாக அவள் பின்னுக்குத் தள்ள, அத்தான் வாங்கி வெளியே அடுக்கினார். ஆறு கட்டி. ஒவ்வொன்றும் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

முழங்கை சிராய்ந்து, தலையெல்லாம் தூசியாக வெளியே வந்தாள்.

"தப்பு அவளுது இல்ல அத்தான். என்னுது. அவ கேட்டா. நான் பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் ஏறி இறங்கி நூற்று இருபத்தொன்பதில் நின்றது.

"ஒரு கிலோ கூட இருக்கே," என்றார் பரிசோதகர்.

"அது என் பெயிண்ட் சார். தாராளமா அடிப்பேன்னு அவ எப்பவும் திட்டுவா."

முதலில் சிரித்தது பரிசோதகர்தான். அடுத்து அத்தான், வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய. சின்னவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. அக்காவை நினைக்க நினைக்கக் கர்வம் நெஞ்சை முட்டியது. ஊரே கொசு என்றதே, வந்து பார்க்கட்டும்.

பரிசோதகர் படிவத்தை நிரப்பினார். 'கணக்கிட்டவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"இங்க... காலமாயிட்டாங்கன்னு குறிப்பு போடணுமா?"

"வேண்டாம் சார்," என்றார் அத்தான். "கணக்குப் போட்டப்போ இருந்தா. பேரை மட்டும் எழுதுங்க."

முழுப்பேரையும் எழுதச் சொல்லி, எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். பரிசோதகர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். மணி இரண்டேகால்.

"வா, குளிச்சுட்டுக் கிளம்பலாம்," என்றார் அத்தான். கொட்டகையின் பெரிய கதவை அவர் ஒரு பக்கமும் சின்னவள் ஒரு பக்கமுமாகத் தள்ளினார்கள். ஓடுபாதைக் காற்று நேரே உள்ளே வந்து விமானத்தின் இறக்கைகளை மெல்லத் தூக்கியது. மேடைகளை அணைக்கக் குனிந்த பரிசோதகர் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். இடது மேடையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு, முப்பத்துமூன்று, முப்பது.